முன்கண்ணாடியில் ஒரு கண்

ஆயுத பூஜைக்குள் காரில் கேமரா மாட்ட வேண்டும். மறுநாள் காலை ட்ரிப்பில் பதிவான வீடியோவைக் காட்ட வேண்டும். சாலை தெளிவாகத் தெரியாவிட்டால் அந்த ட்ரிப் இன்னொரு டிரைவரான பீட்டருக்குப் போய்விடும். கும்மிடிப்பூண்டி கம்பெனியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஏஞ்சலின் இப்படிச் சொன்னதிலிருந்து குப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாப்பேட்டையிலிருந்து ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் அந்த ஒரு ட்ரிப்பை நம்பித்தான் அவன் கார் ஓடியது.

கேமராவை டேஷ்போர்டில் வைத்தால், அங்கே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரின் முதுகு மட்டுமே பதிவாகும். முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் ஓட்டுபவரின் பார்வை மறையும். சரியான இடம், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம். அங்கே ஓட்டுபவருக்கு எப்படியும் ஒன்றும் தெரியாது. அதனால் எதை வைத்தாலும் நஷ்டமில்லை. ஆனால் வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மழை நாளில் சாலைக்குப் பதில் துளிகள்தான் பதிவாகும்.

குப்புராஜ் வைப்பரை ஓடவிட்டு, அது வரைந்த வளைவுக்குள் இடம் பார்த்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். துடைக்காவிட்டால் கேமராவை ஒட்டும் டேப் கண்ணாடியைப் பிடிக்காது, அதன் மேலிருக்கும் எண்ணெய்ப் பசையைத்தான் பிடிக்கும். ஒயரைக் கூரைத் துணியின் விளிம்புக்குள் நகத்தால் தள்ளிக் கதவோரமாக இறக்கினான். வானம் பாதி, சாலை பாதி வரும்வரை கேமராவைச் சாய்த்தான். வானம் கூடினால், அந்த வெளிச்சத்தைக் குறைக்கப் போய்க் கேமரா சாலையையும் இருட்டாக்கிவிடும்.

"நந்தினி, வந்து பாரு! தெருமுனை வரைக்கும் தெரியுது."

அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "புதுசா ஒண்ணு வாங்கினு வந்து, பூஜை போடாமயே ஓட உட்டியா? இன்னா மனுஷன்யா நீ?"

"சும்மா சோதிச்சுப் பாத்தேன்மே."

"போய்க் குளி. மீதிய நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள்.

காலை ட்ரிப்பில் குப்புராஜ் எதையும் கவனிக்கவில்லை. லென்ஸ் வெளியே பார்க்கிறது. உள்பக்கத் திரையோ, ஓட்டுபவரின் கவனம் சிதறக் கூடாதென்று சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். கேட்டைத் தாண்டி உள்ளே போய், கேமராவின் கார்டைக் கழற்றி ஏஞ்சலினிடம் பெருமையாகக் கொடுத்தான்.

கம்ப்யூட்டர் திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாக ஓர் உருண்டை. பேச்சுக் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

"இன்னாண்ணா, இப்டி பிரேக் அடிக்கிறே?" இது பின்சீட்டில் வந்த ரம்யா.

"நாய்மா! குறுக்க பூந்துச்சு."

ஏஞ்சலின் வீடியோவை நிறுத்தினார். "நாய் எங்கப்பா?"

"அந்த மஞ்சளுக்குள்ளாரதான் கீது மேடம்."

"சிவப்பா இருக்கே, அது?"

குப்புராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. "குங்குமம் மேடம். எங்க ஊட்ல பொட்டு வெச்சிருக்குது."

லென்ஸ் பட்டாணி அளவு. நந்தினியின் பொட்டு ரூபாய் நாணயம் அளவு. காய்ந்த சந்தனம் வெளிச்சத்தைக் கொஞ்சம் விடும், உருவத்தை விடாது.

"எனக்கு ரோடு தெரியணும்ப்பா. ட்ரிப் பீட்டருக்குத்தான்."

"மேடம், நான் எப்பவும் போல டயத்துக்கு வந்தேன். வேணும்னா உங்க கேட் கேமராவுல பாருங்க!"

ஏஞ்சலின் கேட் கேமராவின் படத்தைத் திறந்தார். அதுவும் மஞ்சள். நடுவில் சிவப்பு உருண்டை.

ஏஞ்சலின் செக்யூரிட்டி அப்பாவுவைக் கூப்பிட்டார். "இது யார் வேலை?"

"நான்தாம்மா. பூஜை அன்னிக்கு ஒரு மெஷின் கூட உட்டுப் போவக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஏணி போட்டு ஏறி வெச்சேன்!"

அன்று அப்படிச் சொல்லிவிட்டு முதல் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டதும் ஏஞ்சலின்தான். இப்போது குப்புராஜ் முகத்தைப் பார்க்காமல், "சரி, நாளைக்கு வேற வீடியோ கொண்டா. அதுவரைக்கும் நீயே ஓட்டு," என்றார். "போறப்ப எங்க கேமராவையும் துடைச்சிட்டுப் போ."

குப்புராஜ் ஏணியில் ஏறினான். கீழே பிடித்துக்கொண்டிருந்த அப்பாவுவுக்கு மனசு கேட்கவில்லை.

"மொத்தமா தொடைக்கிறியேப்பா. ஒரு பொட்டாவது உட்டு வையேன்."

"முதுகுல வெச்சிக்கோ நைனா," என்றான் குப்புராஜ். "அங்க அதுக்குக் கண்ணு கெடையாது."