சஹனில் ஜஹீராவின் பக்கம்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜஹீராவுக்கு நாற்காலி என்றாலே பற்றிக்கொண்டு வந்தது. காரணம் வேறு யார், கட்டிய புருஷன் சௌகத் அலிதான். மறைமலை நகரில் கார் சீட் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவு. வேலையை வேலை செய்கிற இடத்தோடு விட்டுவிட்டு வந்தால் என்னவாம்? தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, டேப்பை எடுத்துப் பெண்டாட்டியின் காலை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஒரு நாற்காலி செய்தார். இழுத்தால் சாயும், பொத்தானை அழுத்தினால் ஆளை மெல்லத் தூக்கி நிறுத்தும். சேலையூரில் அந்தத் தெருவே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு அதன் கைப்பிடியிலிருந்து விரிகிற சாப்பாட்டுப் பலகை வந்தது. பலகையில் கிண்ணம் கவிழாமல் இருக்க ஒரு பள்ளம், போனைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி. பாராட்டி மாளவில்லை எல்லோருக்கும்.

"கைக்கெட்டுற தூரத்துல எல்லாமே இருக்கு. இன்னும் என்ன குறை?" என்பார் சௌகத் அலி.

குறையா? ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்த்தால் தெரியும். ஹாலில் விரிப்பைப் போட்டு நடுவில் சஹனை வைப்பார்கள். அந்தப் பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் கொட்டி, அவரும் மகன் மொஹ்சினும் மகள் மாஹிராவும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். நாலாவது பக்கம் ஜஹீராவுடையது. இப்போது அவள் மேலே, அந்த அதிசய நாற்காலியில், தனித் தட்டோடு. கீழே மூன்று தலைகள் தெரியும். ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல உம்மா" என்று பதில் வரும்.

"இதுல உக்காந்தா சாப்பிட்ட மாதிரியே இல்ல" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் முதுகுக்குப் புதிதாக ஒரு மெத்தை வந்தது.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பலகையைப் படாரென்று மடக்கினாள்.

"எனக்கு இது ஒண்ணும் வேணாம் மச்சான். என்னை மேல ஏத்தி வச்சிட்டு நீங்க மூணு பேரும் கீழ சேர்ந்து சாப்பிடுறீங்க. நான் என்ன வேத்து ஆளா? சஹன்ல என் பக்கம் எனக்கு வேணும்."

ஆயுசு முழுக்க ஆளுக்கொரு சீட் செய்த சௌகத் அலிக்கு, நாலு பேரைச் சேர்த்து உட்கார வைக்கத் தோன்றவே இல்லை, பாவம்.

சில வாரம் கழித்து ஒரு வட்ட மேசை வந்து இறங்கியது. நடுவில் சஹன், சுற்றி நாலு ஸ்டூல், ஜஹீராவின் முழங்காலுக்குத் தோதான உயரம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். சோறு நகர்ந்து மொஹ்சினிடம் போனது. அவன் கை வைத்தான், திரும்பி வந்தது.

"அடியில பேரிங் போட்டிருக்கேன். ஒரு விரல் பட்டாப் போதும், சுத்தும்" என்றார் சௌகத் அலி பெருமையாக.

"சஹனை எதுக்கு மச்சான் சுத்தணும்? என் பக்கத்துச் சோறு அவன்கிட்ட போவுது, அவன் அள்ளின இடம் என் முன்னால வந்து நிக்குது. அவங்கவங்க முன்னால இருக்கறதைத்தான் எடுக்கணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

"சுத்தினா வசதியா இருக்குமேன்னு..."

"உங்க வசதியில தீயை வைக்க."

மாஹிரா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். ஜஹீரா இடது கையால் தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்தபடி, கோபம் ஆறாமலே சாப்பிட்டாள். சௌகத் அலி தன் பக்கத்தில் கிடந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து, அவள் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் பிரியமானவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். அவள் பக்கம் யாரும் அப்படித் தள்ளி எத்தனை மாதமாயிற்று!

அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கே அந்த பேரிங்கைக் கழட்டுங்க" என்றாள். வாய் நிறையக் கறி இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது.