முருகைக்கல் தீவு

மாமி பையிலிருந்து வெள்ளைச்சீலையை எடுத்து உதறியபோது, நிருஷா செத்துப்போன அம்மாவின் தலையில் தேய்த்த அரப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். கிணற்றடியைச் சுற்றிக் கட்டிய மறைப்புக்குள் நாலைந்து பெண்கள் நின்றார்கள்.

"அத உள்ள வைங்க மாமி. என்ட கூறைச்சீலைய எடுத்து வச்சிரிக்கன்."

"உன்ட கூறையவா? உன்ட அப்பா போய் எவ்வளவு காலம் புள்ள?"

"போனவர்தான். செத்ததக் கண்டது ஆர்?"

மறைப்புக்கு வெளியிலிருந்து பூபாலபிள்ளை மாமாவின் குரல் வந்தது. அம்மாவின் ஒரே தம்பி, மாமியின் புருசன் அவர். "இருக்கக்குள்ளதான் அக்கா ஊர் சிரிக்கப் பொட்டோட திரிஞ்சா. போகக்குள்ளயாவது முறையாப் போகட்டும்."

நிருஷா ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அப்பா இராசதுரை வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடல் படகில் போனார். இயந்திரம் பழுதாகி, படகு காற்றோடு இழுபட்டு, மாலைதீவுக்கும் அப்பால் ஆளில்லாத முருகைக்கல் தீவுகளைச் சுற்றிய பவளப்பாரில் ஏறி உடைந்தது. மற்றவர்கள் திரும்பினார்கள். அப்பா பாரில் பிரிந்துபோனார், காணவில்லையாம் என்று அம்மா ஊருக்குச் சொன்னாள். அதற்குமேல் யார் கேட்டாலும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். தாலி சுனாமியில் போனது. பொட்டு போகவில்லை. கலியாண வீடுகளில் அவளைக் கண்டதும் ஆரத்தித் தட்டு வேறு கைக்கு மாறும். "கடலுக்குள்ள கிடக்கிறவனுக்கு இஞ்ச ஒருத்தி சோடிச்சிக்கொண்டு நிக்கிறா" என்று காதுபடவே சிரிப்பார்கள். மறுநாள் காலையில் அம்மா முகம் கழுவிவந்து குங்குமச் சிமிழைத் திறப்பாள்.

அப்பா எங்கோ ஒரு மணல்திட்டில் தாடி வளர்ந்துபோய் உயிரோடு இருக்கிறார், அம்மா காத்திருக்கிறாள். அப்படி நினைத்தே நிருஷா வளர்ந்தாள். இன்று அவள் விட்டுக்கொடுக்காமல் நின்றதும் அந்த நினைப்பில்தான்.

"ஹில்மி காக்கா வந்திரிக்கார். அந்தப் படகில போன மனுசன். அவரக் கேப்பம்" என்றார் மாமா.

நிருஷா ஈரக்கையோடு வெளியே வந்தாள். முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியிலிருந்து வந்திருந்த ஹில்மி பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழுந்தார். மாமாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"உங்கட உம்மா இரிக்கும் வரைக்கும் வாய் திறக்கமாட்டன் எண்டு அவக்குச் சொல்லியிருந்தன் மகள். மத்த ஆக்களயும் திறக்க விடல்ல."

"சொல்லுங்க."

"தண்ணி வத்தினதும் பாரால நடந்துதான் கரை ஏறினம். அந்தக் கல்லு கத்தி மாதிரி. அவர்ட குதிக்கால் கிழிஞ்சிட்டு. தீவில தேங்காய் இருந்திச்சி, நண்டு இருந்திச்சி, மருந்துதான் இல்ல. கால் வீங்கி, காய்ச்சலாகி, என்ட மடியிலதான் போனார். கொஞ்சம் தோண்டினா மண்ணுக்குக் கீழ முழுக்கக் கல்லு. படகுட இரும்ப வச்சி உடைச்சித்தான் கிடங்கு வெட்டினம். உங்கட ஆக்கள்ட முறை எனக்குத் தெரியா. தெரிஞ்சத ஓதினன்."

"அம்மாக்கு இது..."

"ஊருக்கு வந்ததும் முதல் வேலையா வந்து சொன்னன். இந்தப் படலை வாசல்ல நிண்டுதான் கேட்டா. அழல்ல. கால் நல்லா நொந்திச்சா எண்டு கேட்டா. பிறகு, 'காக்கா, நான் கேட்டது போதும். ஊர் கூடி வந்து என்ட பொட்ட அழிக்கிறதுக்கு இடம் குடுக்கமாட்டன்' எண்டா."

மாமா மறைப்புப் பக்கம் திரும்பினார். "கேட்டியா புள்ள? முடிஞ்சிது. வெள்ளையக் கட்டுங்க."

அப்பா அப்போதுதான் செத்தது போல இருந்தது நிருஷாவுக்கு. காத்திருப்பவள் கடலைப் பார்ப்பாள். அம்மா பார்த்ததேயில்லை. மீன் வாங்குவதென்றாலும் வாவிப்பக்கம்தான் போவாள். படகுச் சத்தத்துக்கு ஒருநாளும் தலை திருப்பியதில்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தும் அது இவளுக்குத் தெரியாமல் போயிற்று. அம்மாவிடம் இருந்தது நம்பிக்கை இல்லை. அது வேறு ஏதோ. அதற்கு ஒரு பேரும் இவள் நாவில் வரவில்லை.

"மாமா, அப்பா வருவார் எண்டுதான் இவ்வளவு நேரமும் நான் சண்டை பிடிச்சன். அது பிழைதான். ஆனா அம்மா தெரிஞ்சிதான் வச்சவ. நீங்களும் நானும் ஆர் அத அழிக்க?"

"ஊர் என்ன சொல்லும்?"

"புதிசா என்னத்தச் சொல்லப்போகுது?"

"அப்பிடியெண்டா நான் பெட்டிக்குத் தோள் குடுக்கமாட்டன்."

"நிழலுக்க இருங்க மாமா. வெயில் கூட."

ஹில்மி பெட்டியடிக்கு நகர்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

உள்ளே பெண்கள் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நிருஷா அம்மாவின் நெற்றியைத் துடைத்து, வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் குங்குமத்தை வைத்தாள். கூறைச்சீலையைப் பிரித்து, ஒரு கையால் அம்மாவைச் சரித்துப் பிடித்து, மறுகையால் முதுகுக்கடியில் துணியைச் செலுத்தப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடியும் முயன்றாள். ஈர உடல் நழுவியது.

மறுபக்கத்தில் வளையல் கைகள் இரண்டு வந்து அம்மாவின் இடுப்பைத் தூக்கிப் பிடித்தன. மாமி நிருஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இழு புள்ள," என்றாள். "இந்தப் பக்கம் சீலை கட்டையா இரிக்கு."