இரவல் சட்டை போட்ட பம்ப்

கோளாறு எங்கே என்று தையற்காரருக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துபோயிற்று. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கார் சம்பந்தியுடையது, பெண்ணைக் கொடுத்த இடம். குற்றம் சொல்லி வம்பை விலைக்கு வாங்க அவர் தயாராக இல்லை.

சம்பந்தி மருந்துக்கடைக்காரர். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். ஐம்பது வருஷத்துப் பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிறுத்தி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருந்தார். சீட்டுக்கு உறை தைக்கப் போன தையற்காரர், தைத்து முடித்த பிறகும் வாராவாரம் போனார். கார்ப் பைத்தியம் தொற்றிக்கொண்டதுதான் காரணம்.

எல்லாம் கூடிவந்தது, ஸ்டீயரிங் மட்டும் மக்கர் செய்தது. பவர் ஸ்டீயரிங் பம்ப் செத்துக் கிடந்தது. அது இல்லாமல் வளையத்தைத் திருப்புவது, அடம்பிடிக்கும் எருமையின் கழுத்தைத் திருப்புகிற மாதிரி. சம்பந்திகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொங்கினால் அரைச் சுற்று வரும்.

பம்பை மூடியிருந்த தகர ஆயில் டப்பாவில் ஒரு நம்பர் இருந்தது. மருந்துக்கடைக்காரருக்கு லேபிள் என்றால் வேதவாக்கு. அந்த நம்பரைச் சொல்லி ஒரு பம்ப் வரவழைத்தார். பம்பின் சுழல்தண்டான ஷாஃப்டில், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி ஏறவில்லை. கடைக்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டு, வேறொரு கடையில் அதே நம்பரைக் கேட்டார். அதுவும் ஏறவில்லை. மூன்றாவதும் வந்தது. மூன்றும் ஒரே அச்சு.

"உலகத்துல யோக்கியனே இல்லீங்க சம்பந்தி."

"ஆமாங்க சம்பந்தி. காலம் கெட்டுக் கிடக்கு" என்றார் தையற்காரர், சட்டைப் பைக்குள் இரண்டு நூல் துண்டுகளை உருட்டிக்கொண்டே.

அப்போதுதான் அவர் மகள் மாமனாருக்கும் அப்பாவுக்கும் டீ கொண்டுவந்தாள்.

"என்னப்பா பைக்குள்ள?"

"சும்மா நூலும்மா."

"நீங்களாவது சும்மா நூல் வச்சிருக்கறதாவது!"

அவர் அவளை ஓரமாக இழுத்துக் காதோடு காதாகச் சொன்னார். ரகசியம் அவள் காதுக்குள் போன வேகத்தில் வாய் வழியாக வெளியே வந்தது.

"மாமா! அப்பாவுக்கு மூணு மாசமா விஷயம் தெரியுமாம்!"

தையற்காரர் பையிலிருந்து நூல் துண்டுகளை வெளியே எடுத்தார். இனி மறைத்து என்ன பயன்?

"கோச்சுக்காதீங்க சம்பந்தி. இந்த பம்ப் போட்டிருக்கறது இரவல் சட்டை. டப்பா கறுப்பு, முன்னால எட்டிப்பாக்கற பம்ப் சாம்பல். எவனோ வேற பம்போட டப்பாவை எடுத்து மாட்டியிருக்கான். நீங்க படிச்சது சட்டையோட நம்பர். பழைய ஷாஃப்டைச் சுத்தி ஒரு நூல் எடுத்தேன், புதுசைச் சுத்தி ஒண்ணு. பாருங்க, பழசு ஒல்லி, புதுசு குண்டு. அப்புறம் புல்லி எப்படி ஏறும்?"

மருந்துக்கடைக்காரர் நூல்களைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"மூணு மாசம் பக்கத்துலயே நின்னு 'ஆமாங்க சம்பந்தி'ன்னு தலையாட்டுனியா? யோவ்!"

கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழாத வார்த்தை அது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தையற்காரருக்கோ, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்கிறியா? அப்ப நானும் சொல்றேன் கேளு. நீ தைச்ச டிரைவர் சீட்டுல ஒரு தையல் முண்டிக்கிட்டு நிக்குதுய்யா! உக்காந்தா ஊசி போட்ட மாதிரி இருக்கு. மரியாதைக்காக ஒரு பக்கமாவே உக்காந்துட்டிருக்கேன்!"

"அட, இடுப்பு வலின்னுல்ல நெனச்சேன்! வாராவாரம் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே!"

"கொடுத்தேன்யா!"

இருவரும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்புறம் வேலை பறந்தது. நட்டுகளைக் கழற்றி டப்பாவை உருவினார்கள். சாம்பல் நிறப் பம்பின் முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் போட்டுத் தேய்த்ததும் இன்னொரு நம்பர் எட்டிப்பார்த்தது. மருந்துக்கடைக்காரர் படிக்க, தையற்காரர் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ஷெட் கதவில் எழுதினார். முழுக்க வேறு நம்பர். உதிரிபாகப் புத்தகத்தில் தேடினால், அதே காரின் முந்தின வருஷத்துப் பம்ப். கடைக்குப் போன் போட்டார்கள்.

"நம்பரை மட்டும் நம்பாதய்யா, ஷாஃப்ட் சுற்றளவையும் கேளு!" என்று தையற்காரர் பின்னாலிருந்து கத்தினார். எதிர்முனையில் இருந்தவன், "சார், ஒரு ஆள் பேசுங்க" என்று கெஞ்சினான்.

நாலாவது பம்ப் வந்தது. புல்லி ஷாஃப்டில் அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. பெல்ட்டை மாட்டி, எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் பழைய ஞாபகத்தில் இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்து ஸ்டீயரிங்கை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு சுற்ற, அவர் தடாலென்று பக்கத்து சீட்டிலிருந்த தையற்காரர் மடியில் போய் விழுந்தார்.

"ஒரு விரல் போதும்யா!"

"ஒரு விரலா? சுண்டுவிரலே அதிகம்!"

மருந்துக்கடைக்காரரின் மனைவி சம்பந்தியம்மாளும் தையற்காரரின் மகளும் பின் சீட்டில் ஏறிக்கொள்ள, கார் தெருவுக்கு வந்தது. பெரிய ரவுண்டானாவை ஒரு சுற்று சுற்றினார்கள். நேராகப் போக யாருக்கும் மனசு வரவில்லை. இன்னொரு சுற்று. "தலை சுத்துது, நிறுத்துங்க" என்ற சம்பந்தியம்மாள், கார் நிற்கப் போனதும், "அதுக்குள்ள ஏன் நிறுத்துறீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். ஏழாவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் விசில் ஊதி மறித்தார்.

"வழி தெரியலையா? எங்க போகணும்?"

"எங்கயும் இல்லைங்க. திரும்புது பாருங்க!"

காவலர் சந்தேகத்தோடு ஜன்னலுக்குள் கையை விட்டு, ஒரு விரலால் வளையத்தைத் தொட்டார். அது சுற்றியது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"கொஞ்சம் நகருங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர் பக்கத்து சீட்டுக்கு நகர, தையற்காரர் இறங்கி இடம் விடவேண்டியதாயிற்று. காவலர் டிரைவர் சீட்டில் ஏறி ரவுண்டானாவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். காவலர் விட்டுப்போன நடுத்திட்டில் தையற்காரர் தனியாக நின்று, கை தட்டிச் சிரித்தபடி, வந்துகொண்டிருந்த லாரி ஒன்றை அவரே கைகாட்டி நிறுத்தினார்.