ராகுகாலத்தில் சுற்றிய காற்றாடி

பவுனம்மாள் புருஷனிடம் முந்தின நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "திங்கக்கெழமை ஏழரையிலேருந்து ஒம்போது ராகுகாலம். அதுக்குள்ள எந்தம்பிய பிளேன்ல கெளப்பிவிட்டீங்க, வீட்டுல சோறு கெடையாது."

வேலாயுதம் என்ன செய்வான், பாவம். சுங்கை பீசி மைதானத்தில் விமானத்தின் காற்றாடியைக் கையால் சுற்றி இன்ஜினைக் கிளப்புவது அவன் வேலை. எப்போது சுற்றுவது என்று சொல்வதோ, பறக்கக் கற்றுக்கொடுக்கும் வெள்ளைக்காரத் தொரையின் வேலை. மச்சான் இராமலிங்கம் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் தொரையோடு பறந்து பழகியவன், இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறான். தொரை ஒன்பதேகாலுக்குக் காரில் ஏறிக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் இவன் பறந்து இறங்காவிட்டால், தொரை சீமையிலிருந்து திரும்பும்வரை எட்டு மாசம் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இந்தப் பக்கம் மச்சானின் ஒரு வருஷ உழைப்பு, அந்தப் பக்கம் பெண்டாட்டியின் சோறு. ஒன்பதுக்கு முன்னால் கூடாது, ஒன்பதுக்குப் பின்னால் தாமதிக்கவும் கூடாது. கொட்டகைச் சுவரில் பெரிய கடிகாரம் தொங்கியது. நேற்றுத்தான் தொரை ஸ்டூல் போட்டு ஏறி அதன் முள்ளைத் திருப்பி வைத்தார். எதற்கென்று வேலாயுதம் கேட்கவில்லை.

மணி எட்டு. வேலாயுதம் ஒப்புக்குச் சுற்றினான். இன்ஜின் இருமக்கூட இல்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மாப்பிள்ளைக்கு மோதிரம் துடைப்பதுபோலத் துடைத்தான்.

"என்னாச்சு மாமா?" என்று கேட்டான் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த இராமலிங்கம்.

"ஈரம்லா. பொறு."

எட்டரைக்குத் தொரை பொறுமையிழந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே சுற்ற வந்தார். ஆனால் வேலாயுதம் அதற்கு முன்பே இன்ஜின் மூடிக்குள் ஒரு ஒயரைக் கழற்றி விட்டிருந்தான். பெரிய மனுஷன் சுற்றினார், சுற்றினார், முகம் தக்காளியாகிவிட்டது. வேலாயுதத்துக்கு வயிற்றுக்குள் சிரிப்பு, அதற்கும் மேலே பயம். இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. சே, பையன் அழுகிறானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒன்பது அடித்தது. வேலாயுதம் ஒயரைத் திரும்ப மாட்டினான். ஒரே சுற்று, இன்ஜின் உறுமியது.

இராமலிங்கம் எழும்பினான், மைதானத்தை ஒரு வட்டம் அடித்தான், ஒன்பது பன்னிரண்டுக்குப் பூப்போல இறக்கினான். தொரை கைகுலுக்கிவிட்டுக் காருக்கு ஓடினார்.

மாமனும் மச்சானும் ஒரே சைக்கிளில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வேலாயுதம் வாசலிலேயே மார்தட்டினான். "சரியா ஒம்போது அடிச்சப்புறந்தான் சுத்தினேன். மச்சானையே கேளு."

பவுனம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பது. "சுங்கை பீசிலேருந்து எத்தினி மணிக்குக் கெளம்புனீங்க?"

"ஒம்போதரைக்கு."

"டபுள்ஸ் வச்சு மிதிச்சு பத்து நிமிஷத்துலயா வந்தீங்க?"

வேலாயுதம் கடிகாரத்தைப் பார்த்தான். நேற்று தொரை ஏறிய ஸ்டூல் கண்முன்னே வந்து நின்றது.

"புது வருஷத்துலேருந்து எல்லா கடிகாரத்தையும் இருவது நிமிஷம் முன்னால தள்ளச் சொல்லிட்டாங்கன்னு பக்கத்து வீட்டு தனலெட்சுமி அக்கா நேத்தே சொன்னிச்சு" என்றாள் பவுனம்மாள். "நம்ம வீட்டுக் கடிகாரத்த நான் தொடல. சர்க்கார் சொன்னா கடிகாரம் கேக்கும். ராகு கேக்குமா? எட்டு நாப்பதுக்கு, நட்டநடு ராகுகாலத்துல எந்தம்பிய ஏத்தி விட்டிருக்கீங்க."

வேலாயுதத்தின் ஒரு மணி நேரத்துத் திருட்டு வேலையெல்லாம் இதற்குத்தானா.

"மேல போய் நல்லாத் தேடிப் பாத்தேன்க்கா" என்றான் இராமலிங்கம், மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "ராகுவைக் காணோம். கெளம்புறதுக்கு முன்னாடி கீழதான் ஒருத்தரு என்னைப் பிடிச்சு ஆட்டுனாரு."

பவுனம்மாள் தம்பியின் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. இரண்டு தட்டு வைத்தாள். தம்பி தட்டில் சோற்றைக் குவித்து மீன்குழம்பை ஊற்றினாள்.

வேலாயுதம் தன் தட்டை மெதுவாக முன்னால் நகர்த்தினான்.

"உங்களுக்கு இருவது நிமிஷம் கழிச்சு" என்றாள் அவள்.