நாற்பத்தோராவது எடுத்துக்காட்டு

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு, போட்டவள் நான்தான். எடுத்துக்காட்டு வாக்கியம் எதையும் கற்பனையாக எழுதக் கூடாது. காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதும் சீட்டில் இருக்க வேண்டும்.

'ரன்' என்ற ஆங்கிலச் சொல் என் உயிரை வாங்கியது. மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், துணியில் சாயம் போனாலும் ரன். எடுத்துக்காட்டுகளை எழுதியவர் பக்கத்து மேசையில் இருக்கும் என் கணவர். நாற்பது வரை குறையில்லை. நேரம் தீர்ந்துபோவதைச் சொல்லும் நாற்பத்தோராவதில் சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "உங்களுக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு."

எரிச்சல் தலைக்கேறியது. சிவப்பு மையில் அடித்து, சீட்டை அவர் மேசையில் வீசினேன்.

"என்னங்க இது, சினிமா வசனமாட்டம்? நீங்களே கட்டிவிட்டதுதானே?"

"இல்லம்மா. காதுல விழுந்ததுதான்."

"யாரு சொன்னாங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "டாக்டர். என்கிட்டதான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வீசிய சீட்டைத் திரும்பக் கையில் எடுத்தேன். பிறகு, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்:

"தேதி போடலையே."