வெறும் வட்டம்

சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிய வேர்வை காயாமலே காசிமாயன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான். அவன் பெண்டாட்டி மலையம்மாளின் மடியில் மகன் தவசி. முழங்கால் வீங்கி மினுமினுத்தது. காது குத்தியபோது நிற்காமல் ஓடிய ரத்தம், அதற்குப்பின் தடுக்கி விழுந்தாலும் உள்ளுக்குள் கட்டிக்கொண்டது.

பெரிய டாக்டர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பெரிய தாளில் மையால் வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். எந்தத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினீர்கள் என்று கேட்டார். பெரியப்பா மகன் மடியில் என்றாள். அவள் கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னதிலேயே ரத்தம் போய்ச் செத்தவர்கள்.

டாக்டர் அந்த இரண்டு கட்டங்களையும் தவசியின் கட்டத்தையும் மையால் அடைத்தார். அவள் வட்டத்தில் பாதி. தாய்க்கு ஒன்றும் செய்யாது, அவள் வழியாக வந்து ஆண்பிள்ளையைத்தான் பிடிக்கும் என்றார். கல்யாணமாகாத தங்கை அன்னக்கொடியின் வட்டத்தை வெறுமனே விட்டார்.

"எங்க பக்கம் ஒண்ணுமில்லைல டாக்டரே?" என்றான் காசிமாயன்.

"உன்கிட்டருந்து வரலப்பா."

அவன் வெளியேறிவிட்டான். பிறகுதான் ஒரு மாணவி அந்த வெறும் வட்டத்தைக் காட்டிக் கேட்டாள். தங்கைக்கும் இருக்கலாம், பிள்ளை பெற்றால்தான் தெரியும், அதனால்தான் மை வைக்கவில்லை என்றார் டாக்டர். மலையம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே காசிமாயன் ஆட்களோடு விளாங்குடிக்கு, மாமனார் விருமாண்டி வீட்டுக்கு வந்தான். ஊரார் முன்னால் துரும்பைக் கிள்ளி மலையம்மாள் கையில் கொடுத்து, இனிப் பெண்டாட்டி இல்லையென்று தீர்த்துவிட்டான். சொத்தையைத் தன் தலையில் கட்டியதற்கு ஈடாக இளையவளைக் கொடுக்க வேண்டும் என்றான். அவளுக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள் மலையம்மாள்.

"நானுந்தான் பாத்தேன். அவ வட்டத்துல ஒரு பொட்டு மை இல்ல. ஒனக்குப் பொறாம."

விருமாண்டி மகளை உள்ளே இழுத்துப்போனார்.

"சும்மா கெட. ரெண்டு பேருக்கும் இருக்குன்னா ரெண்டு பேத்துக்கும் நாந்தான் கஞ்சி ஊத்தணும்."

அன்னக்கொடியின் கல்யாணத்தன்று, தீர்த்துவிட்டவள் எதிரே வரக்கூடாதென்று மலையம்மாளைக் கொல்லையில் வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார்கள். பக்கத்தில் சாக்கின்மேல் தவசி, காலை நீட்டிக் கிடந்தான். முன்வாசலில் தாலி ஏறியது. பொண்ணுக்குத் திருநீறு பூசிய பொம்பளைகளின் குரல் கேட்டது.

"மொதப்பிள்ள ஆம்பளப் பிள்ளையாப் பெத்துக் குடு, ஆத்தா."

குலவை எழுந்தது. தவசியும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டான். நாக்கைக் கடித்துக்கொள்வானென்று, மலையம்மாள் வெங்காயக் கையோடு அவன் வாயைப் பொத்தினாள்.