சுவரில் விட்ட தாள்

கார்வினை நான் அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும்.

பனி விழுந்துவிட்டால் எங்கள் நெப்ராஸ்கா ஊரில் துப்பாக்கி சுடும் மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். அதனால் மாநிலப் போட்டிக்கு நான் வீட்டில்தான் பழகுவேன். தோட்டாக்களை எல்லாம் கார் கொட்டகையில் வைத்துவிட்டு, கூடத்துச் சுவரில் கறுப்புப் புள்ளி போட்ட தாளை ஒட்டி, காலித் துப்பாக்கியின் விசையை இழுப்பேன். 'டிக்'. முனை ஆடினால் தப்பு. முடித்ததும் முதல் வேலையாகத் தாளை எடுத்துவிட்டு, "முடிஞ்சது" என்று வாய்விட்டுச் சொல்வேன். தாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கை சும்மா இருக்காது.

"சுவரோட பேசுறா பாரு!" என்று கேலி செய்வான் என் புருஷன் கார்வின். இத்தனைக்கும் துப்பாக்கிச் சங்கத்தில் அவன்தான் பாதுகாப்பு அதிகாரி.

சனிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது இந்த அதிகாரி ஐயாவும் பழகியிருக்கிறார். தாளைத் தாழ்வாக ஒட்டி, சோபாவில் உட்கார்ந்தபடியே. முடித்து, வழக்கம்போல் வீட்டுக் காவலுக்கென்று தோட்டாவும் போட்டாயிற்று. தாளை மட்டும் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியதாம்.

நான் வந்தபோது சுவரில் ஓட்டை. அந்தப் பக்கம் எங்கள் மகள் டெல்லாவின் அறை. நீச்சல் வகுப்புக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் கார்வின் சுவர்ப்பூச்சு டப்பாவோடு நின்றான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல, விடு."

"சங்கத் தலைவர் ஹாலிஸுக்குச் சொல்லு."

"சொன்னா என் பதவி போயிடும். நீ சுட்டதா சொல்லிடேன். எப்பவும் டிக்கு டிக்குன்னு இருக்கிறவ நீதானே, எல்லாரும் நம்புவாங்க."

"அப்புறம் என்னைப் போட்டியில சேர்ப்பாங்களா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுட்டது இவன், பழி எனக்கா? சட்டையைப் பிடித்து டெல்லாவின் அறைக்கு இழுத்துப் போனேன்.

"அவ கட்டில்ல படு. படுத்துக்கிட்டு, 'என் பொண்டாட்டி நோரீன்தான் சுட்டா'ன்னு சொல்லு. சொல்லிட்டா பழியை நான் ஏத்துக்கறேன்."

முறைத்துக்கொண்டே படுத்தான். தலையணையைக் குண்டு கிழித்திருந்தது. பஞ்சு அவன் காதில் ஒட்டியது. தடவிப் பார்த்தான். தலையணைக் கிழிசலுக்குள் விரலை விட்டான்.

"போனைக் குடு," என்றான்.

படுத்தபடியே ஹாலிஸிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். எனக்கு இரக்கமே வரவில்லை.

"எந்திரிக்காதே," என்றேன். "டெல்லா வரட்டும். அவகிட்டயும் நீயே சொல்லு."